வள்ளலார் பாடிப் பழகிய வழி

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேடும் அதன் அண்மையிலுள்ள திருமுல்லைவாயிலும் இன்று மாநகரோடு ஒன்றிவிட்டன. சுந்தரர் பாடிய முல்லைவாயில் மாசிலாமணி ஈசரைத் தொழுது, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் பதிகம் பாடினார் ஓர் இளைஞர். அவரே இராமலிங்க அடிகள்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் இராமையா, சின்னம்மை இணையர்க்குப் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். சென்னை ஏழுகிணறுப் பகுதியில் தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவால் ஈட்டிய சிறு வருவாயே குடும்பத்தைத் தாங்கியது. கல்வியே பிழைப்பாக இருந்த அவ்வீட்டில், தம்பி பாடம் கேளாது கோயில்களில் திரிந்தது பெருங்கவலையாயிற்று. சினந்த தமையனார் சோறிட வேண்டா எனத் தடுத்ததாகவும், அண்ணியார் மறைவாக உணவளித்ததாகவும் வரலாறு எழுதியோர் கூறுவர். மகாவித்துவான் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பியும் பயனில்லை. கந்தகோட்டத்தில் மாணவன் உருகிப் பாடக் கேட்ட ஆசிரியர், இனித் தாம் கற்பிக்க எதுவுமில்லை என விலகினார் என்பர்.

ஆயினும் அவர் யாப்பறியாது பாடியவர் அல்லர். கந்தகோட்டத்து முருகனைப் போற்றும் தெய்வமணிமாலையின் 31 பாடல்களும் பன்னிருசீர் ஆசிரிய விருத்தங்கள். தாயுமானவர் பாடல்களில் பயின்ற வடிவம் அது. ஓதியும் கேட்டும் ஊறிய ஓசையே அவருக்கு முதல் இலக்கணமாயிற்று எனக் கொள்வதில் தவறில்லை. பின்னர்ப் பல ஆண்டுகள் திருவொற்றியூருக்கு நடந்தார், பாடல்கள் பெருகின. அங்கு வடிவுடையம்மைக்கு அணிவித்த வடிவுடை மாணிக்கமாலை 101 கட்டளைக்கலித்துறைகளால் ஆனது. நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என ஒற்று நீக்கி எண்ணி யாக்கும் வடிவம் அது. உருக்கம் மட்டும் அதற்குப் போதாது. கை பழக வேண்டும்.

பிறர் நூல்களும் அவரைக் கூர்மைப்படுத்தின. 1851இல் ஒழிவிலொடுக்கத்தையும், 1855இல் படிக்காசுப் புலவரின் தொண்டமண்டல சதகத்தையும் பதிப்பித்தார். தொண்டமண்டலமா, தொண்டைமண்டலமா என எழுந்த ஐயத்திற்கு, நூற்பெயரின் இலக்கணத்தை விரித்து விளக்கம் எழுதினார். ஓர் எழுத்தின் பொருட்டு அத்துணை உழைப்பு! பள்ளிக்கல்வியை மறுத்தவர் புலமையை மறுக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1858இல் சென்னையை நீங்கியபின் அவர் நடை எளிமையை நாடியது. கண்ணியும் நாமாவளியும் பாமரரும் கூடிப் பாடத்தக்கனவாய் அமைந்தன. மறுபுறம், அருட்பெருஞ்சோதி அகவல் 1596 அடிகளாக விரிந்தது.

தம் பாடல்களை அச்சேற்ற அவர் எளிதில் இசையவில்லை. அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் பலகாலும் வேண்டியபின்னரே இணங்கினார். தம்மை இராமலிங்கசாமி எனக் குறிப்பது ஆரவாரமாகும் என்று அவருக்கு மடல் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்த திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. ஆறாம் திருமுறை அச்சேறியது 1885இல். அடிகள் மறைந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.