பந்தய வீரர் வெண்டல் ஸ்காட்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருபவர் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஒருவரே. 2005-ஆம் ஆண்டில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர். ஆனால் 2010-இல் அவர் அமெரிக்கா சென்று வேறொரு வகைப் பந்தயத்திலும் ஓடினார் என்பது பலருக்குத் தெரியாது. வர்ஜீனியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்வில் என்னும் ஊரில் அவ்வாண்டு மார்ச் மாதம் நடந்த டிரக் பந்தயத்தில் அவர் 13-ஆவதாக வந்தார். அதை நடத்தும் சங்கத்தின் பெயர் நாஸ்கார். அந்தச் செய்தியைத் துருவிக்கொண்டு போனபோதுதான், மார்ட்டின்ஸ்வில்லுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் டான்வில் என்ற ஊர் இருப்பதையும், அவ்வூரில் பிறந்த வெண்டல் ஸ்காட் என்ற மனிதரையும் நான் அறிந்தேன். நான் பௌதிகம் படிக்கிறவன். பந்தயத்தில் எனக்கு முதலில் இருந்த ஆசையெல்லாம் வளைவுகளின் கணக்கைப் பற்றியதுதான். ஸ்காட்டின் வாழ்க்கையோ அதைவிட மிக எளிய ஒரு கணக்கில் சிக்கிக்கொண்டது. இருநூறு வரை எண்ணத் தெரிந்தவர்க்கு அது விளங்கும்.

ஸ்டாக் கார்ப் பந்தயம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாக் என்பது கடைச் சரக்கு. பந்தயத்துக்கென்று தனியே செய்யாமல், கடையில் விற்கும் சாதாரணக் காரையே வாங்கித் திருத்தி ஓட்டியதால் அந்தப் பெயர் வந்தது. (இப்போது அந்தப் பெயர்தான் மிச்சம், கார் முழுவதும் பந்தயத்துக்கென்றே செய்யப்படுகிறது.) பெரும்பாலும் நீள்வட்டமான ஓடுதளத்தில் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடவேண்டும். பார்ப்பவர்க்குச் செக்கு மாட்டின் நினைவு வரலாம். ஆனால் செக்கு மாட்டை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் எவரும் ஓட்டுவதில்லை.

வெண்டல் ஸ்காட் 1921 ஆகஸ்டு 29-ஆம் நாள் பிறந்தார். டான்வில் புகையிலையாலும் பஞ்சாலையாலும் பிழைத்த ஊர். நம் பரேலும் லால்பாகும் ஒரு காலத்தில் எப்படி ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தனவோ அப்படித்தான் அதுவும். தந்தை வெள்ளைக்காரச் செல்வர் வீடுகளில் கார் ஓட்டியும் பழுது பார்த்தும் வாழ்ந்தவர். மகன் அவரிடம்தான் எஞ்சினைக் கற்றார். ஆலை வாசலில் போய் நிற்பதில்லை, ஒரு முதலாளியின் கண்ணசைவுக்கு ஆடுவதில்லை என்று இளமையிலேயே முடிவு செய்துகொண்டார். அக்காலத்து வர்ஜீனியாவில் கறுப்பர்க்குப் பள்ளி வேறு, பஸ்ஸில் இடம் வேறு, தண்ணீர்க் குழாயும் வேறு. இதை நம்மில் பலருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தனிக் குவளையில் தேநீர் குடிக்க மனமில்லாமல் திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தாராவிக்கு வந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர்.

ஸ்காட் டாக்சி ஓட்டினார். 1943-இல் மேரி கோல்ஸ் என்ற பெண்ணை மணந்தார். பின்னாளில் ஏழு மக்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா சென்று, கறுப்பர்க்கென்று ஒதுக்கிய படைப்பிரிவில் பணி செய்தார். திரும்பி வந்து சொந்தமாகப் பழுது பார்க்கும் பட்டறை வைத்தார். ஏழு குழந்தைகளுக்குப் பட்டறை வருமானம் போதவில்லை. ஆகவே இரவில் கள்ளச் சாராயம் கடத்தினார்.

இதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. மறைத்தால் ஸ்டாக் கார்ப் பந்தயத்தின் பிறப்பையே மறைத்ததாகும். அமெரிக்கத் தென்மாநில மலைகளில் வரி கட்டாமல் காய்ச்சிய சாராயத்தை இரவோடிரவாக ஊருக்குக் கொண்டு சேர்ப்பது ஒரு தொழிலாகவே இருந்தது. அதற்கு வேண்டிய கார் வெளியே பார்க்கச் சாதாரணமாக இருக்க வேண்டும். உள்ளே எஞ்சின் போலீஸ் காரை மிஞ்ச வேண்டும். பின்னால் பாரம் இருப்பது தெரியாதபடி ஸ்பிரிங்கும் விறைப்பாக இருக்க வேண்டும். இரவில் போலீஸை ஏய்த்தவர்கள் பகலில் தமக்குள் போட்டி போட்டார்கள். அந்தப் போட்டிகளை ஒழுங்குபடுத்தி, 1948-இல் பில் பிரான்ஸ் என்பவர் நிறுவியதே நாஸ்கார் சங்கம். அதில் பேர் பெற்ற வெள்ளை வீரர் சிலரும் சாராயச் சாலையில் பழகியவர்களே. ஸ்காட்டைப் போலீஸார் ஒரே ஒரு முறை, 1949-இல், பிடித்தார்கள். மற்ற நாட்களில் பிடிக்க முடியவில்லை.

பிடிக்க முடியாத அந்தப் பெருமையே அவருக்கு வழி திறந்தது. 1952-இல் டான்வில் ஓடுதளத்தில் கூட்டம் குறைந்துவந்தது. கறுப்பர் ஒருவரை ஓடவிட்டால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும் என்று நடத்துபவர்கள் எண்ணினார்கள். ஊரில் வேகமாகக் கார் ஓட்டும் கறுப்பர் யார் என்று போலீஸாரிடமே கேட்டார்கள். போலீஸார் சற்றும் தயங்காமல் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள். ஒரு வீரனுக்கு இதைவிட நேர்மையான நற்சான்று வேறு என்ன வேண்டும்! மே 23-ஆம் நாள், சாராயம் கடத்திய பழைய காரையே கொண்டுவந்து ஓட்டினார். சிலர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். கார் பாதியில் பழுதாகி நின்றது. எனினும் இனித் தம் தொழில் இதுவே என்று அன்றே அவருக்கு உறுதியாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது முப்பது.

மறுநாளே வின்ஸ்டன்-சேலம் நகரில் நாஸ்கார் பந்தயத்துக்குக் காரை இழுத்துச் சென்றார். கறுப்பர் ஓடக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். சில நாள் கழித்து ஹை பாயின்ட்டில், கார் ஓடலாம், ஓட்டுபவர் வெள்ளையராக இருக்க வேண்டும் என்றார்கள். வேலை வேண்டும், வேலைக்காரன் வேண்டாம் என்னும் நியாயம் எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஸ்காட் சண்டைக்கு நிற்கவில்லை. நாஸ்காரைச் சேராத சிறு பந்தயங்களைத் தேடிப் போனார். தொடங்கிய பன்னிரண்டாம் நாள் லிஞ்ச்பர்க்கில் தம் முதல் வெற்றியைப் பெற்றார். பின்னர் ரிச்மண்டில் ஒரு சிற்றதிகாரி, மேலிடத்தைக் கேளாமலே, நாஸ்கார் லைசென்ஸைக் கொடுத்துவிட்டார். மேலிடம் முணுமுணுத்தது, ஆனால் கொடுத்ததைப் பிடுங்கவில்லை. 1954-இல் லிஞ்ச்பர்க்கில் பில் பிரான்ஸே அவரைச் சந்தித்து, நிறத்தைப் பார்த்து இனி யாரும் உம்மை நடத்தமாட்டார்கள் என்று வாக்களித்தார். இந்த வாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1959-இல் ஸ்காட் தம் பிரிவில் வர்ஜீனியா மாநிலச் சாம்பியன். 1961 மார்ச்சில் நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலில் நுழைந்தார். கார் எண் 34. அங்கே போட்டி வேறு மாதிரி. முன்னணி வீரர்களுக்குப் பின்னால் கார்க் கம்பெனிகள் நின்றன. புதிய கார், புதிய எஞ்சின், கூலிக்கு மெக்கானிக்குகள். ஸ்காட்டிடம் பிறர் ஓட்டித் தள்ளிய காரும், பிறர் கழற்றிப் போட்ட டயரும் இருந்தன. மெக்கானிக் அவரே. உதவியாள் பிள்ளைகள். எல்லாரும் ஒரே வண்டியில் ஏறி, பந்தயக் காரைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் போவார்கள். எல்லா ஊரிலும் தங்க இடம் கிடைக்காது. டார்லிங்டன் போன்ற பெரிய களங்களின் கதவு அவருக்குப் பல ஆண்டுகள் திறக்கவில்லை.

என் அப்பா மாட்டுங்காவில் டாக்சிகளைப் பழுது பார்த்தவர். பிரீமியர் பத்மினி கார்கள் 2023 அக்டோபரோடு மும்பைச் சாலையிலிருந்து மறையும் வரை, மூன்று பழைய எஞ்சின்களிலிருந்து ஓடும் எஞ்சின் ஒன்றைப் பிறப்பிக்கும் வித்தை அவருக்கு அத்துபடி. ஸ்காட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். வெற்றி தோல்வியை அவர் கேட்கவில்லை. பழைய டயரில் அத்தனை சுற்று எப்படி ஓட்டினார் என்றுதான் கேட்டார். பௌதிகம் எனக்குக் கைகொடுத்தது. தேய்ந்த டயருக்குப் பிடிப்புக் குறைவு. ஆகவே வளைவுக்குள் போகும்போதே வேகத்தைக் குறைத்துக் காரைக் காக்க வேண்டும். காரை உடைத்துக்கொண்டு முதலாவதாக வர முயல்வதை விட, உடையாமல் பத்தாவதாக வந்து, கிடைக்கும் பணத்தில் அடுத்த வாரத்துக்கு உதிரிப் பாகம் வாங்குவது ஸ்காட்டின் கணக்கு. 495 பந்தயங்களில் 147 முறை அவர் முதல் பத்துப் பேரில் வந்ததை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி அந்த ஒரு நாள். 1963, டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டு ஜூனில் டான்வில் தெருக்களில், சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பர்களைப் போலீஸார் தடியால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஒன்பது நாளே ஆகியிருந்தது. ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் நகரத்து மண் ஓடுதளத்தில் பந்தயம். ஒரு சுற்று அரை மைல். மொத்தம் 200 சுற்று. நெட் ஜாரட் என்ற வீரரிடமிருந்து வாங்கிய செவர்லே காரை ஸ்காட் ஓட்டினார். இருபத்தைந்து சுற்று மிச்சம் இருக்கையில், காரில் கோளாறு கண்டு தடுமாறிய ரிச்சர்ட் பெட்டியை அவர் கடந்தார். பெட்டி பின்னாளில் நாஸ்காரின் மன்னர் என்று பெயர் பெற்றவர். அதன்பின் ஸ்காட்டுக்கு முன்னால் எவரும் இல்லை. இருநூறாவது சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டினார். கொடி அசையவில்லை. இன்னொரு சுற்றும் ஓடினார், கொடி அசையவில்லை. மற்றொரு சுற்றும் ஓடினார். முடிவில் பக் பேக்கர் என்பவர் கோட்டைத் தாண்டியபோதுதான் கொடி இறங்கிற்று. பேக்கரே வென்றார் என்று அறிவித்து, கோப்பையையும் அவர் கையில் கொடுத்தார்கள்.

ஸ்காட் முறையிட்டார். கணக்கைச் சரிபார்க்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஸ்காட் வென்றிருக்கிறார்; அதுவும் இரண்டு சுற்று வித்தியாசத்தில் என்று கண்டுபிடித்தார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது, கோப்பையும் போய்விட்டது. ஆயிரம் டாலர் பரிசுப் பணம் மட்டும் ஸ்காட்டுக்கு வந்தது.

எண்ணியதில் பிழை என்று சமாதானம் சொன்னார்கள். நியாயமாகப் பார்ப்போம். அக்காலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் அட்டையில் குறித்துக்கொண்டே வருவார். பிழை நேர்வது உண்டு. 1959-இல் டேடோனாவில் வென்றவர் ரிச்சர்டின் தந்தை லீ பெட்டி என்று உறுதி செய்ய மூன்று நாள் ஆயிற்று. ஆனால் அங்கே இரண்டு கார்கள் மூக்கோடு மூக்காகக் கோட்டைத் தாண்டின. புகைப்படங்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே வித்தியாசம் இரண்டு சுற்று. அந்த ஓடுதளத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அரை நிமிஷம் பிடிக்கும். இரண்டு சுற்று என்றால் ஒரு நிமிஷம், ஒரு மைல். சோதனைச் சாலையில் இவ்வளவு பெரிய பிழையோடு நான் ஓர் அளவைக் கொண்டுபோனால் என் ஆசிரியர் கருவியைச் சந்தேகிக்க மாட்டார், என்னைத்தான் சந்தேகிப்பார். வென்றவரை மேடையில் அழகுராணி முத்தமிடுவது அங்கே வழக்கம். கறுப்பர் ஒருவரை வெள்ளைப் பெண் அத்தனை பேர் முன்னிலையில் முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கவே இப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் கடைசி வரை நம்பினார். அவர் நம்பியதே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது.

அடுத்த வாரமும் அவர் காரை இழுத்துக்கொண்டு போனார் என்பதுதான் எனக்கு வியப்பு. இன்னும் பத்தாண்டு ஓட்டினார். 1966-இல் ஆண்டு முழுவதற்குமான புள்ளிக் கணக்கில் ஆறாவது இடம். 1967 முதல் 1969 வரையிலும் முதல் பத்துக்குள்ளேயே இருந்தார். கம்பெனித் துணை இல்லாமல் இந்த இடத்தைப் பிடித்தவர்கள் மிகக் குறைவு. பெரிய கம்பெனி எதுவும் அப்போதும் அவரைத் தேடி வரவில்லை. உச்சப் பிரிவில் வேறு வெற்றியும் கிட்டவில்லை.

1973 மே மாதம், டல்லடேகா. அங்கே வளைவுகள் 33 பாகை சாய்ந்திருக்கும். சுவரில் ஏறுவது போலக் கார் ஓடும். கடன் வாங்கி ஒரு நல்ல காரைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தார். பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில் 21 கார்கள் ஒன்றோடொன்று மோதின. விலா எலும்பு, இடுப்பெலும்பு, கால் எல்லாம் முறிந்து ஸ்காட் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கார் போயிற்று, கடன் நின்றது. அக்டோபரில் எழுந்து வந்து சார்லட்டில் ஒரு பந்தயம் ஓட்டி, 12-ஆவதாக வந்து, பிறகு நிறுத்திக்கொண்டார். மீண்டும் டான்வில் பட்டறை. 1977-இல் அவர் வாழ்க்கையைத் தழுவி ரிச்சர்ட் பிரையர் நடித்த படம் வந்தது. 1990 டிசம்பர் 23-இல், முதுகெலும்புப் புற்றுநோயால், பிறந்த ஊரிலேயே இறந்தார். வயது 69.

2015-இல் நாஸ்கார் தன் பெருமைக் கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. கோப்பைக்கு இன்னும் ஆறாண்டு பிடித்தது. 2021 ஆகஸ்டு 28-ஆம் நாள் டேடோனாவில், புதிதாகச் செய்த ஒரு கோப்பையை அவர் குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள். ஜாக்சன்வில் பந்தயம் நடந்து ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அது நடந்து ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 4-ஆம் நாள், ஸ்காட் விழுந்த அதே டல்லடேகாவில், நாஸ்காரின் உச்சப் பிரிவில் இரண்டாவது கறுப்பர் ஒருவர் வென்றார். பெயர் பப்பா வாலஸ். 188 சுற்றுப் பந்தயத்தை மழை 117-ஆவது சுற்றில் நிறுத்திவிட்டது. அப்போது முன்னணியில் இருந்தவர் வாலஸ். கோப்பையை அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள்.