உக்குலேலேயில் தொடங்கிய பி.ரம்லி

சிடாம் கிரியிலிருந்து தெற்கே போனால் புக்கிட் மெர்தாஜாம் வரும். அந்த ஊரைக் கடக்கும்போது பலருக்கு மாதா கோயில் நினைவுக்கு வரும். எனக்கோ 1948-ல் அங்கே நடந்த ஒரு விவசாய விழாதான் நினைவுக்கு வரும். அந்த மேடையில் பாடிய 19 வயது இளைஞர்தான் பி.ரம்லி.

வாத்தியம் பழகினால் எஸ்.பி.எம். தேர்வுக்கு என்ன பயன் என்று அண்மையில் என் அக்காள் மகன் கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. நானும் 14 வயதில் வயலினைத் தொட்டு, விரல் வலிக்கிறது என்று மூன்றே மாதத்தில் மூடி வைத்தவன்தான். அதனால் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. ரம்லியின் கதையைச் சொன்னேன்.

1929 மார்ச் 22-இல் பினாங்கில் பிறந்தவர் அவர். தந்தை அச்சே பகுதியிலிருந்து வந்த கடலோடி. வசதியான குடும்பம் அல்ல. பினாங்கில் அவர் பிறந்த சிறிய மரவீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். அவ்வளவு சிறிய வீட்டிலிருந்தா இத்தனை பாட்டு என்று தோன்றும்.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது ஜப்பானியர் வந்தார்கள். படிப்பு தடைபட்டது. ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். பாட்டில் அவருக்கு இருந்த ஆர்வம் அங்கே வளர்ந்தது. முதலில் கையில் எடுத்தது உக்குலேலே. நான்கே தந்திகள், மடியில் அடங்கும் அளவு. பிறகு கித்தார். அதன் பிறகு, பினாங்கில் பேண்டு வாத்தியக் குழு நடத்திய கமாருடின் என்பவரிடம் முறையாக வயலின் கற்றார். காதால் கேட்டு வாசித்த பையன் இசைக்குறிப்பைப் படிக்கப் பழகியதும் அவரிடம்தான். இதைத்தான் நான் பெரிய திருப்பமாக நினைக்கிறேன். கேட்ட பாட்டைத் திரும்பப் பாடுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். மனத்தில் தோன்றும் மெட்டை எழுதி வைத்து, மற்றவரையும் வாசிக்க வைப்பது வேறு வேலை.

புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாட்டைக் கேட்டவர் பி.எஸ்.ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர். அவர் அழைப்பில் ரம்லி சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்துக்குப் போனார். ‘சிந்தா’ படத்தில் வில்லனாக நடித்ததோடு கதாநாயகனுக்குப் பின்னணியும் பாடினார். 1950-இல் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் நம்மவர், எல்.கிருஷ்ணன். ரம்லி திரையில் தம் பாட்டைத் தம் குரலிலேயே பாடியது அதில்தான்.

பிறகு நடிப்பு, இயக்கம், இசையமைப்பு என எல்லாம் வந்தன. 1962-இல் வந்த ‘இபு மெர்துவாக்கு’ படத்தில் அவருடைய பாத்திரமே ஒரு சாக்ஸபோன் கலைஞர்தான்.

1964-இல் கோலாலம்பூருக்கு வந்தபின் காலம் மாறியது. மின்கித்தார் குழுக்கள் இளைஞர்களை இழுத்துக்கொண்டன. அவருடைய பாட்டு பழையது என்றார்கள். படங்கள் ஓடவில்லை, பணம் தங்கவில்லை. 1973 மே 29-ஆம் நாள் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 44.

கதை முடிந்ததும் அக்காள் மகன் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, உக்குலேலே என்ன விலை இருக்கும் என்று மட்டும் கேட்டான். சுங்கைப் பட்டாணியில் விசாரிக்கலாம் என்றேன். என் வயலினுக்கும் ஒரு தந்தி வாங்க வேண்டியிருக்கிறது.