கொல்லிமலைப் பாட்டி

ஈவ்லின் 1879-ல் லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1913-ல் பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலையில் குடியேறினார். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மலைக்காய்ச்சலோ ஆளைக் கொல்லும்!

கணவனும் மனைவியும் மலைமக்களுக்கு மருந்து கொடுத்தனர். காலைத் துளைத்து வெளிவரும் நரம்புச் சிலந்திப் புழுவைப் பக்குவமாக எடுத்தனர்.

மகன் பால், மகள் கானி என இரண்டு பிள்ளைகள். 1923-ல் அவர்களைப் படிப்புக்காகச் சீமையில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினர். பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பால் அதன்பிறகு தகப்பனாரைப் பார்க்கவே இல்லை. 1929-ல் மலையிலேயே காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி இறந்தார். வயது 44தான்.

ஈவ்லின் சீமைக்குப் போனார். மனம் அங்கே ஒட்டவில்லை; மீண்டும் இந்தியா வந்தார்.

70 வயதை நெருங்கியபோது சபையார் ஓய்வு கொடுத்தனர். ஓய்வா? அம்மையார் கொல்லிமலைக்கே ஏறிவிட்டார்! மட்டக்குதிரை மீதேறி மற்ற மலைகளுக்கும் போனார். கீழே விழுந்தார்; எலும்பு முறிந்தது. பிறகு இரண்டு கையிலும் மூங்கில் கழி ஊன்றி நடந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், இந்தத் தாயின் மகன்தான். வேலையை விடும்படி மகன் சொல்லியும் தாய் கேட்கவில்லை. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை.

1974-ல், 95-ம் வயதில் காலமானார். பெட்டி இல்லாமல், வெறும் துணியில் சுற்றி, கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தனர்.