சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

காக்ஸ் டவுனுக்கு வேலூர் தொலைவன்று. கன்டோன்மென்டில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் காட்பாடி. தீராத நோய் என்றால் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் அங்கேதான் ஓடும். ஆயினும், காலிழந்த பின்னும் அங்கே பெரும்பணி புரிந்த மேரி வர்கீசை நம் மாணவர் பலர் அறியார்.

கொச்சியை அடுத்த செராயில் 1925-இல் பிறந்தவர் அவர். பிறப்பால் மலையாளி, உழைப்பால் வேலூர்க்காரர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954-இல் நண்பர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்தது. தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

உயிரியல் படிக்கும் நான் இங்கே சற்று நிற்க வேண்டும். கையில் அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்ந்து சேரக்கூடும். தண்டுவட இழைகள் அவ்வாறு வளர்வதில்லை. ஆனால் அந்நாளில் நோயாளியைக் கொன்றது பெரும்பாலும் முறிவன்று; அழுந்திக் கிடந்த தோலில் விழும் புண்ணும், தானே வடியாத சிறுநீர்ப்பையில் சேரும் கிருமியுமே. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944 முதல் லுட்விக் குட்மன் நோயாளிகளை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தார். இத்தகையோர் நெடுநாள் வாழலாம் என்பதை உலகம் அங்கேதான் கண்டது.

மேரி பிழைத்தார். பிழைத்து என்ன செய்வது? வழி காட்டியவர், தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்துவந்த பால் பிராண்ட். தொழுநோயால் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கிவிடும். வலுவுள்ள ஒரு தசையின் நாணை இடம் மாற்றிப் பிணைத்தால் நிமிரும். நுண்ணிய வேலை; உட்கார்ந்தே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியிலிருந்தே கத்தியை எடுத்தார்.

நண்பர்களே, கத்தி பிடித்தவருக்குக் காலில் உணர்வில்லை. கை நீட்டியவருக்கு விரலில் உணர்வில்லை! சூடான பாத்திரத்தை அறியாமல் பற்றினால் அவருக்குப் புண். அசையாமல் நெடுநேரம் அமர்ந்தால் இவருக்குப் புண். இருவருக்கும் கண்ணே தோலின் வேலையையும் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நோயாளிகளை அவரைப்போல் அறிந்த மருத்துவர் வேறு யார் இருந்திருக்க முடியும்?

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிறர் துணையின்றி வாழும் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். வேலூர் திரும்பி அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளி அங்கேயே தங்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது முதல் கைத்தொழில் வரை பயிலலாம். 1972-இல் பத்மஸ்ரீ வந்தது. பட்டத்தைவிட அந்த நிலையமே பெரிது என்பேன்.

எங்கள் தெருவில் ஒருவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். மனைவி இரவிலும் எழுந்து எழுந்து புரட்டுகிறார். காண வருவோர் எல்லாம், எப்போது நடப்பார் என்றே கேட்கின்றனர். இனி என்ன வேலை செய்யலாம் என்று எவரும் கேட்டிலர். மேரிக்கு வாழ்வு திரும்பியது இந்த இரண்டாம் கேள்வியால் அன்றோ?

1986-இல் அவர் மறைந்தார். பாகாயத்து நிலையம் இன்றும் நடக்கிறது. அங்கே செல்லும் வழியை அந்த அம்மையாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.