மரத்திலிருந்து குதித்த கிட்டாரிஸ்ட்

கல்சுரல்ஸ் வந்துட்டா போதும், நம்ம மியூசிக் ரூம்ல ஒரு சண்டை நிச்சயம். கிட்டார் வாசிக்கிறவன் தன் ஆம்ப் சத்தத்தை ஏத்துவான். அதைப் பார்த்து பேஸ் கிட்டார்காரன் ஏத்துவான். டிரம்மர் ரெண்டு பேரையும் அமுக்கப் பார்ப்பான். கடைசியில் கேட்கிறவங்க காதுக்கு மிஞ்சுவது இரைச்சல் மட்டும்தான். இந்தச் சண்டைக்கு 40 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் அருமையான தீர்வு கண்டுபிடிச்சிட்டார். அவர் பெயர் டி. பூன். 'மினிட்மென்' என்ற அமெரிக்க பங்க் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட், பாடகர். இன்னிக்கு நாம போஸ்ட்-ஹார்ட்கோர்னு சொல்ற இசைக்கு முன்கூட்டியே பாதை போட்டவர்களில் ஒருவர்.

பூன் பிறந்தது 1958 ஏப்ரல் 1. வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய சான் பீட்ரோவில். உழைக்கும் மக்களின் ஊர். அப்பா முன்னாள் கடற்படைக்காரர். கார்களில் ரேடியோ பொருத்தும் வேலை பார்த்தார். வீட்டில் பணம் கம்மி.

13 வயசில் ஒருநாள், ஊர்ப் பூங்காவில் மரத்தின் மேலிருந்து குதித்த பூன், கீழே நடந்து போன ஒரு பையன் மேல் விழுந்தார். வேற யாரோன்னு நினைச்சுத்தான் குதிச்சார். அந்தப் பையன் மைக் வாட். அன்று தொடங்கிய நட்பு பூனின் கடைசி நாள் வரை நீடித்தது. தெருவில் சுத்தி வம்பில் மாட்டாமல் இருக்கட்டும் என்று, பூனின் அம்மாதான் ரெண்டு பேரையும் வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். வாட்டுக்கு பேஸ் கிட்டாரை ஒதுக்கியதும் அவர்தான். பேஸ் என்பது நாலு கம்பி போட்ட சாதாரண கிட்டார் என்றே வாட் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தார்!

அந்தக் காலத்து ராக் என்றால் பெரிய ஸ்டேடியம், பெரிய நட்சத்திரங்கள். சொந்தமா பாட்டு எழுதலாம் என்ற எண்ணமே இந்தப் பசங்களுக்கு வரவில்லை. ஹாலிவுட் பங்க் கிளப்களில் தங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் மேடை ஏறுவதைப் பார்த்த பிறகுதான் கண் திறந்தது. 1980இல் மினிட்மென் உருவானது. கொஞ்ச நாளில் டிரம்ஸுக்கு ஜார்ஜ் ஹர்லி வந்து சேர்ந்தார். முதல் வெளியீட்டில் 7 பாட்டு. மொத்தமும் சேர்த்து 7 நிமிஷம் கூட வராது.

இப்ப அந்தச் சண்டைக்கு வருவோம். வழக்கமான ராக்கில் கிட்டார்தான் ராஜா. அதுக்குப் பின்னால்தான் பேஸ். இது பூனுக்குப் பிடிக்கவில்லை. அரசியலில் சமத்துவம் பேசுகிறவன் மேடையில் மட்டும் எப்படி ராஜாவாக இருப்பது? அதனால் தன் ஆம்பில் கீழ் அதிர்வெண்களையும் நடு அதிர்வெண்களையும் குறைத்து, டிரெபிளை மட்டும் முழுசா திருகி வைத்தார். கிட்டார் ஒல்லியா, கூர்மையா ஒலித்தது. அவர் காலி பண்ணிய இடத்தில் வாட்டின் பேஸ் தாராளமா நடமாடியது. நம்ம கம்யூனிகேஷன் பாடத்தில் ஆளுக்கு ஒரு பேண்ட் ஒதுக்குவோமே, அதே கணக்குதான். மூணு பேர் வாசிப்பதும் தனித்தனியா காதில் விழும்.

ஹார்ட்கோர் என்றால் வேகம், கோபம், ஒரே அச்சு என்று ஆகிப்போன காலம் அது. இவங்க அதில் ஃபங்க், ஜாஸ், நாட்டுப்புற ராக் எல்லாத்தையும் கலந்தாங்க. மேடையில் பூன், கனத்த உடம்போடு பந்து மாதிரி துள்ளுவார்.

இவங்க வாழ்ந்த முறைக்கு இவங்களே வைத்த பெயர் 'எகானோ'. அதாவது சிக்கனம். வேலைக்குப் போய்க்கொண்டே வாசிப்பார்கள். வாடகை குறையும் நள்ளிரவில் ஸ்டுடியோ எடுப்பார்கள். பழைய டேப்பில் பதிவு செய்வார்கள். தங்கள் சாமான்களைத் தாங்களே தூக்குவார்கள். 1984இல், நண்பர்களான 'ஹஸ்கர் டூ' குழு இரட்டை ஆல்பம் போடுவதைப் பார்த்து, இவங்களும் 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்' என்ற இரட்டை ஆல்பத்தை முடித்தார்கள். 40க்கும் மேற்பட்ட பாட்டுகள். ஆன செலவு ஆயிரம் டாலரை ஒட்டித்தான். அட்டைப்படத்தில் வாட் கார் ஓட்டுகிறார். முள் அன்றைய வேக வரம்பான 55 மைலில் சரியா நிற்கிறது. வேகத்தை மீறிக் கார் ஓட்டுவதைப் பெருமையாப் பாடியவர்களுக்கு இவங்க அடித்த கிண்டல். நாங்க காரை ஒழுங்கா ஓட்டுவோம், துணிச்சலை இசையில் காட்டுவோம் என்பது அதன் பொருள்.

பூன் சும்மா இருக்கவே மாட்டார். படம் வரைந்தார். சொந்தமா ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். நண்பர்களுடன் சேர்ந்து 'நியூ அலையன்ஸ்' என்ற இசை நிறுவனம் தொடங்கி, மற்ற குழுக்களின் ரெக்கார்டுகளையும் வெளியிட்டார்.

1985 டிசம்பரில் 'ஆர்.இ.எம்.' குழுவோடு சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பியிருந்தார்கள். டிசம்பர் 22. அரிசோனா பாலைவனச் சாலையில் ஒரு வேன். காய்ச்சலில் இருந்த பூன், சீட் பெல்ட் போடாமல் பின்னால் படுத்திருந்தார். வேன் சாலையை விட்டு விலகியது. வெளியே தூக்கி எறியப்பட்ட பூன் அங்கேயே இறந்தார். வயசு 27.

மினிட்மென் அன்றோடு முடிந்தது. வேறு கிட்டாரிஸ்ட்டை வைத்து அந்தப் பெயரை ஓட்ட வாட்டுக்கு மனசில்லை. இசையையே விட்டுவிட நினைத்தார். ஒஹையோவிலிருந்து எட் கிராஃபோர்ட் என்ற ரசிகர் வீடு தேடி வந்து விடாமல் கேட்டதால்தான் 1986இல் 'ஃபயர்ஹோஸ்' என்ற புதுக் குழு பிறந்தது. அதற்குப் பிறகும் வாட் தன் ஆல்பங்களை நண்பன் பூனுக்கே சமர்ப்பித்து வந்தார்.

பூன் இசைக்குழுவோடு இருந்தது ஆறே வருஷம். பணமும் கிடையாது, பெரிய கம்பெனியும் கிடையாது. இருந்தும் அவர் இசையில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. அடுத்த தடவை மியூசிக் ரூம்ல சண்டை வந்தா, சத்தத்தை ஏத்தாதீங்க. உங்க ஆம்பில் ஒரு திருகைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. பக்கத்தில் நிற்கும் நண்பன் என்ன வாசிக்கிறான்னு அப்பதான் கேட்கும்.