காலமறிந்த பொறியறிஞர் ஜி. டி. நாயுடு

காலமறிதல் என்று ஓர் அதிகாரத்தையே வகுத்துத் தந்தார் வள்ளுவப் பெருந்தகை. அரசர்க்கும் அமைச்சர்க்கும் மட்டுமன்றி, கையில் ஸ்பானர் பிடித்த தொழிலாளிக்கும் அவ்வதிகாரம் பொருந்தும் என்பதைத் தம் வாழ்வால் விளக்கியவர் கோவை தந்த பொறியறிஞர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. ஜி. டி. நாயுடு என நாடறிந்த அப்பெருமகனாரை இம்மலரில் நினைவுகூர்வது நமக்கு மிகவும் பொருத்தமுடைத்து. பிறந்த ஊரை விட்டு, கைத்தொழில் ஒன்றையே நம்பிப் பெங்களூர் வந்து சேர்ந்தோர் நம்முள் பலர் அல்லரோ?

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், வேளாண் குடியொன்றில் அவர் பிறந்தார். தொடக்கப் பள்ளிக்கு மேல் அவர் பயின்றாரல்லர். இளமையில் ஒரு நாள், ஆங்கில அதிகாரி ஒருவர் ஊர்ந்து வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். அன்றே அவர் உள்ளம் அவ்வண்டியின்பாற் சென்றது. ஏர்த்தொழிலை விட்டுக் கோவைக்கு வந்து, உணவு விடுதியொன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். காசு காசாகச் சேர்த்து, அவ்வண்டியைத் தமதாக்கிக் கொண்டார். வாங்கியவர் அதிலேறி ஊர் சுற்றுவதோடு அமைந்தாரல்லர், பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார்.

எஞ்சினைக் கழற்றுதல் எளிது. பூட்டி உயிர்ப்பித்தல் அரிது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி அழுத்துகின்றது. அவ்வேளையில் பிளக்கில் மின்பொறி தோன்ற வேண்டும். தீ பரவச் சிறிது நேரம் ஆகுமாதலின், பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே பொறி விழுதல் வேண்டும். நிமிடத்திற்கு 2,000 முறை சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் நூற்றில் மூன்று பங்கே. உச்சிக்கு 30 பாகை முன்னர்ப் பொறி விழுமாயின், உச்சியை எட்டுமுன் தீ பரவக் கிடைக்கும் நேரம் நொடியில் நானூற்றில் ஒரு பங்கு! வேகம் இரட்டித்தால் அதுவும் பாதியாகிவிடும். ஆகவே விரைவு மிகுந்தால் பொறி முந்த வேண்டும். விரைவு குறைந்தால் பிந்த வேண்டும். மெல்லச் சுழலும் எஞ்சினில் பொறி மிக முந்துமாயின், ஏறிவரும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும். ஸ்டார்ட் செய்வோர் காலையே திருப்பி உதைக்கும். மிகப் பிந்துமாயின் எஞ்சின் கொதிக்கும், வலுக் குன்றும்.

இந்நாளிலும் பழைய வண்டிகளைப் புதுப்பிப்போர், பிளக் துளை வழியே மெல்லிய கோலைச் செலுத்திப் பிஸ்டனின் நிலையை அளப்பர். பிளாட்டினம் பாயிண்டுகளுக்கு இடையே சிகரெட் தாளைச் செருகி, அது நழுவும் கணமே பொறி தோன்றும் கணமென அறிந்து டைமிங்கை முடுக்குவர். மிகுந்த அழுத்தம் தரும் பிஸ்டனை இட்டுப் புதுப்பித்த எஞ்சினாயின் எச்சரிக்கை பின்னும் வேண்டும். அங்குத் தீ விரைந்து பரவுமாதலின் பொறியைச் சற்றுப் பிந்த வைத்தல் வேண்டும்; இன்றேல் தட்டும் ஓசை எழுந்து, பிஸ்டனே துளைபடவும் கூடும்.

பள்ளியிற் பெறாத இவ்வகைக் கல்வியைத் தம் கைகளாற் பெற்றார் நாயுடு. 1920-ல் பேருந்து ஒன்று வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொன்றே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் பீளமேட்டில் பாலசுந்தரம் அவர்களுடன் சேர்ந்து, இந்நாட்டிலேயே மின்மோட்டார் ஆக்கிக் காட்டினார். மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவியும் அவர் படைத்ததே. பெங்களூரில் வாழ்ந்த நோபல் பரிசாளர் சர் சி. வி. இராமனும் அவர் திறத்தை வியந்து பாராட்டினார்.

ஆயினும் அவர் வைத்த பொறிகள் சில, நாட்டின் நடையினும் முந்தின. 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் பொறியியற் கல்வி நிலையம் தோன்ற அவர் துணை நின்றார். நான்காண்டுப் படிப்பு மாணவர் காலத்தை வீணாக்கும், இரண்டாண்டு போதும் என வாதிட்டார். அரசு இணங்காமையால் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். 1952-ல் இருவர் அமரும் சிறு காரை 2,000 ரூபாய் விலையில் ஆக்கிக் காட்டினார், உரிமம் கிடைத்திலது. மக்கள் கார் எனப் பெயர் பெற்ற மாருதி, சாலைக்கு வந்தது 1983-ல் அன்றோ! இடைப்பட்ட 31 ஆண்டுகளில் நாம் இழந்தது எவ்வளவு என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிழை பொறியினதா? அன்று. விரைந்து சுழலும் எஞ்சினுக்கு அளவான பொறியே, மெல்லச் சுழலும் எஞ்சினில் திருப்பி உதைக்கின்றது. அவ்வுதையைத் தாங்கியும் அவர் ஓய்ந்தாரில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் ஆய்வு தொடர்ந்தார். 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் சேர்த்த அரும்பொருள்கள் கோவை அவினாசிச் சாலையில் இன்றும் காட்சிக்கு உள்ளன.

பட்டறையில் உழலும் நம் இளைஞர் ஒருவர் கையிலும் அத்தகைய பொறி இருத்தல் கூடும். பட்டம் எங்கே என வினவி அவரைத் திருப்பி அனுப்பாது, அவர் வேகத்திற்கு ஏற்ப நாமும் விரைதலே அப்பெரியார்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.