மடத்து அன்னமும் மாணவர் கடனும்

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் அவர்கள் ஏடு தேடி அலைந்த கதையை அடியார்கள் அறிவர். அவர் பிறர் அன்னத்தில் படித்து வளர்ந்தவர் என்பதும், அந்தக் கடனை எண்ணியபடியே வாழ்ந்தவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1855இல் பிறந்த ஐயரின் தந்தையார் வேங்கடசுப்பையர் இராமாயணக் கதை செய்து சீவித்த சங்கீத வித்துவான். மகனின் தமிழ்ப் படிப்புக்காக அவர் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். சென்ற இடமெல்லாம் அன்பர்கள் ஆதரித்தனர். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் மகனை ஒப்படைத்தார். வேங்கடராமன் என்ற பெயரை விடுத்து, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரையே நிலைபெறச் செய்தவர் பிள்ளையவர்கள். அவர் மாணாக்கரிடம் காசு வாங்காது, உணவும் கொடுத்துப் படிப்பித்தவர். ஆனால் தாமோ கடன்காரர். அக்காலச் சாதி வழக்கத்தால் பிராமண மாணவருக்கு அங்கே உண்ண முடியாமல், சாப்பாட்டுக்கு வேறிடம் பார்க்க வேண்டியிருந்தது. படிப்பை விடச் சோற்றுக் கவலையே அந்த ஏழைத் தந்தைக்குப் பெரிதாயிருந்திருக்கும்.

அக்கவலையைத் தீர்த்தது திருவாவடுதுறை ஆதீனம். 1849இல் நமது ஆறுமுகநாவலர் பெருமானுக்கு நாவலர் பட்டம் சூட்டியதும் இம்மடமே. ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஐயரை அன்புடன் ஆதரித்தார். 1876 பெப்ரவரி 1ஆந் திகதி, ஐயர் திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதிக்கொண்டிருக்கையில், பிள்ளையவர்கள் சிவபதமடைந்தார்கள். அதன்பின்னும் தேசிகர் அவரைக் கைவிடவில்லை. தாமே பாடஞ் சொன்னார், மடத்து மாணவருக்குப் பாடஞ் சொல்லும் பணியையும் அளித்தார், குடியிருக்க வீடும் கட்டிக் கொடுத்தார்.

1880இல் ஒரு சோதனை வந்தது. பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கரான தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரிப் பதவியிலிருந்து விலகும்போது தமது இடத்துக்கு ஐயரை விரும்பினார். நிலையான சம்பளம், குடும்பக் கஷ்டம் நீங்கும் வழி. ஆயினும் உண்பித்த மடத்தின் உத்தரவின்றிப் போக ஐயர் ஒருப்படவில்லை. செட்டியார் நேரில் வந்து கேட்டார். பிரிய மனமில்லாத தேசிகர் ஈற்றில் இசைந்து ஆசி கூறி அனுப்பினார். கொடுத்தவர் பிடித்து வைக்கவில்லை, பெற்றவர் உதறிப் போகவும் இல்லை. விடுமுறை நாட்களில் ஐயர் மடத்துக்கு வந்துகொண்டே இருந்தார்.

பின்னாளில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்கு ஐயர் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். ஆசிரியரின் சரித்திரத்தை எண்பது வயதை அண்மித்த வேளையில், 1933இலும் 1934இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். தம் சொந்தச் சரித்திரத்தை 1940இலேதான் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். அதிலும் பிள்ளையவர்களைப் பற்றிய அத்தியாயங்களே பல. அது முற்றுப்பெறு முன்னரே 1942இல் காலமானார்.